அம்மா ஏன் எழும்பவில்லை

அத்தியாயம் 14

கண்விழித்து ஆறு வாரமாகிவிட்டது. ஆனாலும், தான் முழுதாக எழும்பிவிட்டதாகப் பேர்ணடெற்றுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

காலையில் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் தேத்தண்ணீர் ஆற்றும்போது கை ஒரு பக்கம் போகும், மனம் இன்னொரு பக்கம் மிதக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ‘என்னைத்தானா?’ என்று ஒரு கணம் யோசித்த பிறகே திரும்புவாள்.

பித்தப்பைக் கல்லை எடுக்க ஒரு மணித்தியாலம் என்றுதான் அன்றைக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கல்லை எடுத்து முடித்த பிறகும் ஐந்து மணித்தியாலம் அவள் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கிரேன் ஓட்டும் அவள் கணவன் டெரிக், டியூட்டி உடுப்போடு துறைமுகத்திலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றார். கதவைத் திறந்து வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துப் பார்த்தே களைத்துப்போனார். உள்ளே ஒரு மெஷின் அவளுக்காக மூச்சுவிட்டது. மயக்க மருந்து டொக்டர் மர்லியா அவளுடைய தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவள் பயந்துவிடக் கூடாதென்று நித்திரை மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். மாலை ஆறு மணிபோல் சுண்டுவிரல் அசைந்தது.

அந்த ஐந்து மணித்தியாலத்தில் பேர்ணடெற் ஒரு கனவு கண்டாள். அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நீளமான வெள்ளை அறை. அவள் ஒரு கட்டிலில், பக்கத்துக் கட்டிலில் அம்மா. நடுவில் ஒரு திரைச்சீலை, காற்றே இல்லாமல் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. உதடும் அசையவில்லை. ஆனால் குரல் கேட்டது.

“நானும் எழும்பத்தான் பார்க்கிறன், பிள்ளை.”

அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முதல் செத்துப்போன அம்மா.

*

செவ்வாய்க்கிழமை முற்பகல், வெள்ளவத்தையில் மெல்லிய தூறல். ஒரு பார்மசிக்கு மேலே இருந்த டொக்டர் மர்லியாவின் அறைக்குள் பேர்ணடெற்றும் மகள் டில்ஷானியும் உட்கார்ந்திருந்தார்கள். பம்பலப்பிட்டியில் கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்யும் டில்ஷானி, அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஜன்னலுக்கு அப்பால், ஒழுங்கையின் முடிவில் ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

“றிப்போட் வந்திட்டுது,” என்றார் டொக்டர். “நான் நினைச்சது சரி. ஒப்பரேஷனுக்கு முதல் தொண்டைக்குள்ள குழாய் வைக்க வேணும். அதுக்கு உடம்பைத் தளர வைக்க ஒரு ஊசி போடுவம். மற்ற ஆக்களுக்கு அஞ்சு பத்து நிமிஷத்தில அந்த மருந்து தானா உடைஞ்சு போயிடும். அதை உடைக்கிறதுக்கு இரத்தத்தில ஒரு என்சைம் இருக்கு. உங்கட இரத்தத்தில அது வேலை செய்யேல்லை. அதுதான் அஞ்சு நிமிஷ மருந்து அஞ்சு மணித்தியாலம் நிண்டது.”

“இது பெரிய வருத்தமா, டொக்டர்?” என்று டில்ஷானி கேட்டாள்.

“வருத்தமே இல்லை. சாப்பிடலாம், ஓடலாம், பிள்ளை பெறலாம், ஒண்டும் தெரியாது. அந்த ஊசியைச் சந்திக்கிற நாளிலதான் தெரியும். சந்திச்சாலும், விஷயம் தெரிஞ்ச ஆக்கள் பக்கத்தில நிண்டா பயமில்லை. மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும், மருந்து கரையும் வரைக்கும் காத்திருக்க வேணும். அவசரப்பட்டு மெஷினைக் கழட்டினாத்தான் ஆபத்து.” அவர் ஒரு மஞ்சள் அட்டையை மேசைமேல் வைத்தார். அதில் அந்த மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது: சக்சமிதோனியம். “இதை எப்பவும் ஹான்ட்பாக்கில வச்சிருங்கோ. பல்லுப் பிடுங்கப் போனாலும் காட்டுங்கோ. இதுக்குப் பதிலா வேற நல்ல மருந்துகள் இருக்கு.”

பேர்ணடெற் அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தது.

“ஒரு விஷயம் எனக்கு விளங்கேல்லை,” என்றார் டொக்டர், பழைய ஃபைலைப் புரட்டியபடி. “இது பிறவியில வாறது. அப்பாட பக்கம் ஒண்டு, அம்மாட பக்கம் ஒண்டு வந்தாத்தான் இப்பிடி. ‘குடும்பத்தில ஆருக்கும் மயக்க மருந்தால பிரச்சினை வந்ததா?’ எண்டு படிவத்தில கேட்டிருக்கிறம். நீங்கள் இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள்.”

“ஓம். ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்பா அம்மா சொந்தமா?”

“மச்சான் மச்சாள்.”

“அவைக்கு ஒப்பரேஷன் ஏதும் நடந்ததா?”

“அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்குக் கருப்பை எடுத்தது.”

“அது ஒழுங்கா முடிஞ்சதா?”

“ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சது எண்டுதான் சொன்னவை,” என்றாள் பேர்ணடெற். “அம்மாதான் எழும்பேல்லை.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பேர்ணடெற் அவசரமாகச் சொன்னாள். “அது மருந்தால இல்லை, டொக்டர். அவவுக்கு மனக்கவலை. வீட்டில ஒரு பிரச்சினை நடந்து ஒரு கிழமைதான். எழும்பி அந்த வெக்கத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் அப்பிடியே படுத்திட்டா. கண்ணையும் திறக்கேல்லை, கையையும் அசைக்கேல்லை. ரெண்டு மணித்தியாலத்தால மூச்சு நிண்டிட்டுது எண்டு வந்து சொன்னவை…”

சொல்லிக்கொண்டு போகும்போதே அவளுடைய குரல் தேய்ந்தது. ஜன்னலில் தெரிந்த அந்த ஒரு சாண் கடல் அசையாமல் நின்றது. கண்ணைத் திறக்கவில்லை. கையை அசைக்கவில்லை. திரைச்சீலை. *நானும் எழும்பத்தான் பார்க்கிறன், பிள்ளை.*

“டொக்டர்,” என்றாள், மிக மெதுவாக. “அம்மாவுக்கும் இதுவா?”

“நான் அங்க நிக்கேல்லை. சோதிக்கிறதுக்கு இப்ப இரத்தமும் இல்லை. நிச்சயமாச் சொல்ல ஏலாது,” என்றார் டொக்டர் மர்லியா. பிறகு, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆனா நீங்கள் சொன்னதைப் பார்த்தா, இதுவாத்தான் இருக்கும்,” என்றார்.

கீழே காலி வீதியில் பஸ் கொண்டக்டர் ஒருவன் “கோட்டை, கோட்டை” என்று கத்திக்கொண்டு போனான்.

“உங்களுக்குச் சகோதரங்கள்?”

“ஒரு தங்கச்சி. கதைக்கிறேல்லை.”

“அம்மாவுக்கும் இருந்திருந்தா, தங்கச்சிக்கு இருக்கிறதுக்கும் சரிபாதி சந்தர்ப்பம். இனிக் கதைக்கத்தான் வேணும்.”

அப்போதுதான் டில்ஷானி எழும்பி நின்றாள்.

“அம்மா, எனக்கு ஏசாதைங்கோ. பிறிஜெற் அன்ரிக்கு இண்டைக்கு ஒப்பரேஷன். தைரொயிட். ஒரு மணிக்கு.”

பேர்ணடெற் மகளைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“போகேக்க சொல்லுறன். நான் போய் த்ரீவீல் ஒண்டை மறிக்கிறன்.” அவள் படிகளில் இறங்கி ஓடினாள்.

டொக்டர் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார். “எந்த ஆஸ்பத்திரி? பேர் என்ன? நான் போன் எடுக்கிறன். தியேட்டர் நம்பர் உடனே கிடைக்காது, நீங்கள் இந்தக் கடிதத்தோட போங்கோ.”

ஆஸ்பத்திரி எதுவென்று பேர்ணடெற்றுக்குத் தெரியாது. தங்கச்சியின் பெயரை மட்டும் சொன்னாள்.

“பிறிஜெற்.”

*

த்ரீவீல் கடலோர வீதியால் ஓடியது. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் அலைகள். தூறலில் வானமும் கடலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு பகல்.

“இக்மன்ட யன்ட, அய்யே,” என்று டில்ஷானி சாரதியை அவசரப்படுத்தினாள். மருதானைப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் போனில் டொக்டருக்குச் சொல்லி வைத்தாள். பிறகுதான் தாயின் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு வருஷத்துக்கு முதல் கடைக்குக் கண்ணாடி போட வந்தவ, அம்மா. அளவெடுக்கக் கிட்டப் போறன், உங்கட மூக்கு. உங்கட கண். நான் பயந்திட்டன். என்ட பாட்ஜில பேரை வாசிச்சிட்டு, ‘கொட்டாஞ்சேனையா?’ எண்டு கேட்டா. பிறகு அழத் தொடங்கிட்டா.”

பேர்ணடெற் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த அலைகளைப் பார்த்தாள்.

“மாசத்துக்கு ஒருக்கா வருவா. வட்டிலப்பம் செய்தா ஒரு கிண்ணத்தில கொண்டு வருவா. உங்களைப் பற்றிக் கேப்பா. நீங்கள் எழும்பாமல் கிடந்த அண்டைக்கு நான் போன் பண்ணினனான். நீங்கள் எழும்பும் மட்டும் தொழுதவவாம்.”

இருபத்தைந்து வருடத்துக்கு முதல், இருபத்துமூன்று வயதுப் பிறிஜெற் மேசையில் ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டுப் போனாள். மாளிகாவத்தையில் தையற்கடை வைத்திருந்த ஹாஷிமைக் கட்டினாள். ஒரு கிழமையில் அம்மா ஒப்பரேஷனுக்குப் போனார், எழும்பவில்லை. சவ அடக்கத்துக்கு முதல், தலையில் துப்பட்டியோடு ஒழுங்கை முனையில் பிறிஜெற் வந்து நின்றபோது, வெளியே போனது பேர்ணடெற்தான். ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

“உன்னாலதான் அம்மா எழும்பேல்லை. உன்ர முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமப் படுத்திட்டா. போ.”

பிறிஜெற் போய்விட்டாள். இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளைதான் இப்போது பக்கத்தில் இருந்து போனைக் காதில் வைத்திருக்கிறாள்.

“அன்ரியிட போனை மாமா வச்சிருக்கிறார்,” என்றாள் டில்ஷானி. “மாமா, நான் டில்ஷானி. இஞ்ச அம்மா ஒரு முக்கியமான விஷயம்…”

பேர்ணடெற் போனை வாங்கினாள். “நான் பேர்ணடெற் கதைக்கிறன்.”

மறுபக்கம் ஒரு ஆணின் களைத்த குரல். “அவ உள்ளுக்குப் போற நேரம். இன்டைக்கும் அவட மனச நோவடிக்கப் போறீங்களா? வேணாம். அவள வுட்டுருங்க.”

லைன் அறுந்தது. திரும்ப எடுத்தபோது போன் ஓஃப்.

கொம்பனித்தெருவில் வாகனங்கள் தேங்கி நின்றன. பேர்ணடெற் மடியிலிருந்த கடிதத்தை மழை படாமல் சேலைத் தலைப்பால் மூடினாள். அம்மா படுத்திருந்தது எத்தனை நேரம்? எல்லாம் கேட்டிருக்குமா? மூச்சு விட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியாமல், ‘பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டு… த்ரீவீலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல். டில்ஷானி ஹாஷிமைத் தேடி மேல்மாடிக்கு ஓடினாள். பேர்ணடெற் வரவேற்பு மேசைக்குப் போனாள்.

“பிறிஜெற்,” என்றாள். “தைரொயிட் ஒப்பரேஷன்.”

மேசையில் இருந்த பெண் கம்பியூட்டரில் தட்டிப் பார்த்தாள். அப்படி ஒருவரும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னாள். கொஞ்சம் முதல் ஒரு டொக்டரும் போன் பண்ணி இதே பெயரைக் கேட்டாராம். அவருக்கும் இல்லையென்றுதான் சொன்னார்களாம்.

பேர்ணடெற்றுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

மதம் மாறிக் கட்டிய தங்கைக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாகத் தெரியும். யாராவது அதைச் சொல்ல வந்தால் எழும்பிப் போய்விடுவாள். வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை.

“பஹ்மியா,” என்றாள். நாக்குப் புரளவில்லை. திரும்பவும் தெளிவாகச் சொன்னாள். “பஹ்மியா ஹாஷிம்.”

“ஆ, இன்னவா,” என்று, இருப்பதாகத் தலையாட்டினாள் அந்தப் பெண். “தியேட்டர். மூன்றாம் மாடி.”

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. வயிற்றில் தழும்பு இழுக்க இழுக்கப் படியேறினாள். தியேட்டர் கதவருகே ஒரு நேர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

“மிஸ்,” என்றாள் பேர்ணடெற், மூச்சு வாங்க. “மகே நங்கி. மகே நங்கி அத்துளெ இன்னவா.”

என் தங்கச்சி. உள்ளே இருக்கிறாள். தமிழில் வராத அந்த ‘என்’ சிங்களத்தில் வந்துவிட்டது. அவள் கடிதத்தையும் மஞ்சள் அட்டையையும் நீட்டினாள். நேர்ஸ் அட்டையைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கதவு இரண்டு தரம் ஆடி நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கத்தில் டெரிக் அன்றைக்கு நின்றது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பச்சை உடுப்போடு ஒரு இளம் டொக்டர் வெளியே வந்தார். மயக்க மருந்து கொடுப்பவர் அவர்தான். இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை என்று முதலில் சொன்னார். பேர்ணடெற் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு அவர், “நீங்கள் உள்ளே வாங்க. அவங்களுக்கு அம்மாவைப் பற்றி ஒண்டும் தெரியாதாம். ரெண்டு பேரிட்டயும் சேர்த்துக் கேக்க வேணும்,” என்று சிங்களத் தமிழில் சொன்னார்.

*

சின்ன அறை. ட்ரொலியில் பிறிஜெற் படுத்திருந்தாள். முடியை மூடிய பச்சைத் தொப்பி. கழுத்தில் வெட்டுவதற்கு அடையாளமாக ஒரு நீலக் கோடு. மோதிரமும் தோடும் கழற்றியிருந்தாள். நாற்பத்தெட்டு வயது என்று சொல்ல முடியாது. வெளிச்சம் மேலிருந்து விழுந்ததில் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது.

அவள் அக்காவைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. கனவில் வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நீ என்னத்துக்கு வந்த?”

டொக்டர் இடையில் புகுந்தார். அம்மாவுக்கு என்ன நடந்தது, எத்தனை நேரம் எழும்பாமல் கிடந்தார் என்று பேர்ணடெற்றிடம் சிங்களத்தில் கேட்டார். பேர்ணடெற் சிங்களத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். ஒப்பரேஷன் நல்லா முடிந்தது. காலை பத்து மணி. பாதியில் எங்கேயோ பாஷை மாறிப்போனது. அவள் டொக்டரைப் பார்க்கவில்லை.

“…கையைக்கூட அசைக்கேல்லையாம். ரெண்டு மணித்தியாலம். நாங்கள் வேற காரணம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனாங்கள். நான் சொன்னனான். அது இல்லை, பிறிஜெற். நிச்சயமாச் சொல்ல ஏலாதாம். ஆனா நானும் அப்பிடித்தான் கிடந்தனான், அஞ்சு மணித்தியாலம். எழும்ப விருப்பமில்லாமல் இல்லை. எழும்ப ஏலாமல். அந்த மருந்தை உடைக்கிற சாமான் எங்கட இரத்தத்தில இல்லை. அம்மாட்டயும் இருந்திருக்காது. உன்னட்டயும் இல்லாமல் இருக்கலாம்.”

பிறிஜெற் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணோரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

“அப்ப நான் இல்லையா?”

“நீ இல்லை.”

“திரும்பச் செல்லு.”

சொல்லு என்பதை அவள் செல்லு என்றாள். மாளிகாவத்தையின் பேச்சு. அது அவளுடைய வாயில் நன்றாகப் பொருந்தியிருந்தது.

“நீ இல்லை. நான் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னால சொன்னனான். பிழை.”

“இருவத்தஞ்சு வருஷம், அக்கா.” குரல் உயரவில்லை. “எத்தன நோம்பு. ஒவ்வொரு நோம்புலயும் அழுது கேட்டிருக்கிறேன், அம்மாவக் கொன்ன பாவத்த மன்னிக்கச் செல்லி.”

பேர்ணடெற் கையை நீட்டினாள். பிறிஜெற் தன் கையைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டாள்.

டொக்டர் மெல்லச் செருமினார். சோதனை முடிவு வரப் பல நாளாகும், அதுவரைக்கும் இவருக்கும் அது இருப்பதாகவே வைத்துக்கொள்வோம், அந்த ஊசியைத் தொடமாட்டோம், வேறு மருந்து இருக்கிறது, முடிந்ததும் அதை முறித்து எழுப்புகிற மருந்தும் இருக்கிறது என்றார். சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். நேர்ஸ் ஃபைலின் மேல் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதினாள்.

“பயமா இருந்தா இன்னொரு நாள் வைக்கலாம்,” என்றார் டொக்டர்.

“இல்ல,” என்றாள் பிறிஜெற். “இன்டைக்குத்தான் பயமில்ல.”

ட்ரொலி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

வெளியே நீளமான மர வாங்கில் டில்ஷானியும் ஹாஷிமும் இருந்தார்கள். டில்ஷானி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஹாஷிமின் தாடி நரைத்துவிட்டது. ஒழுங்கை முனையில் பிறிஜெற்றுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒல்லிப் பையன் இவர்தான் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. அவர் எழும்பி நின்றார்.

“போன வெச்சதுக்கு மனசுல ஒன்டும் வெச்சுக்கொள்ள வேணாம்,” என்றார்.

“நீங்கள் வச்சது சரி. நான் எண்டாலும் வச்சிருப்பன்.”

அவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள். ஹாஷிம் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஆறு மாசமா இந்த ஒப்பரேஷனத் தள்ளிப் போட்டவ. கட்டி பெருசாகி முழுங்க ஏலாமப் போகிற மட்டும் வரமாட்டேன்டு நின்டா. ‘உம்மா மாதிரி நானும் எழும்ப மாட்டேன், அதுதான் எனக்கு வர வேண்டிய தண்டன’ன்டு செல்லுவா. நான் எவ்வளவு செல்லியும் கேக்கல்ல.”

பேர்ணடெற் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். டில்ஷானி தாயின் முதுகில் கை வைத்தாள். ஹாஷிம் எழும்பிப் போய், மூன்று கோப்பை பிளேன்டி வாங்கி வந்தார். ஒன்றை அவளுடைய கையில் கொடுத்தார். சீனி கூட. அவள் முழுக்கக் குடித்தாள்.

ஒன்றரை. இரண்டு. மூன்றேகால். ஜன்னலுக்கு வெளியே தூறல் விட்டு, மருதானைக் கூரைகளின்மேல் மங்கலாக ஒரு வெயில் வந்தது. எங்கேயோ பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், ஒரு ரயில் போனது, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. பேர்ணடெற்றின் கண் செருகியது. அரைத் தூக்கத்தில், வெள்ளை அறையும் கட்டிலும் வருமென்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெறும் வெளிச்சம்தான்.

மூன்று மணி நாற்பதுக்குக் கதவு திறந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள்.

நேர்ஸ் ஹாஷிமைப் பார்க்கவில்லை. பேர்ணடெற்றைத்தான் தேடினாள்.

“நங்கி அஹெருணா,” என்றாள்.

முழித்துவிட்டாள். ஒப்பரேஷன் முடிந்து பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, கையை உயர்த்தி, தண்ணீர் கேட்டாளாம். பத்தே நிமிஷம். டில்ஷானி தாயைக் கட்டிப் பிடித்தாள். ஹாஷிம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

பேர்ணடெற் அழவில்லை. ஆறு வாரத்தில் முதல் தடவையாகச் சத்தங்கள் எல்லாம் தெளிவாகக் கேட்டன. ட்ரொலிச் சில்லின் கிரீச், யாரோ இருமியது, தன் மூச்சு.

ஒருவருக்குத்தான் அனுமதி என்றதால் ஹாஷிம் உள்ளே போனார். அவர் திரும்பி வரக் கால் மணித்தியாலமானது.

“தொண்ட கரகரன்டு ஈக்கி. கதைக்க வேணாமாம், ஆனா கேக்கிறாளில்ல,” என்றார், சிரிப்பும் கண்ணீருமாக. பிறகு பேர்ணடெற்றின் பக்கம் திரும்பினார். சிரிப்பு அடங்கியது. “உங்களப் பாக்க இன்டைக்கு ஏலாதாம். மனசு இன்னும் எடங் குடுக்கல்லயாம். ஆனா ஒன்டு கேக்கச் சென்னா.”

“என்ன?”

“தையல் வெட்டினதுக்குப் பொறகு, மாதம்பிட்டிச் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம். உம்மாட குழி எங்கன்டு அவளுக்குத் தெரியாது. அன்டைக்குப் பின்னால வர வுடல்லத்தானே. ஒருக்காக் காட்டட்டாம்.”

“ஓம்,” என்றாள் பேர்ணடெற் உடனேயே. “கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன். நானே கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லுங்கோ.”

ஹாஷிம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

தாயும் மகளும் படியிறங்கினார்கள். டில்ஷானி பேசிக்கொண்டே வந்தாள்: அப்பாவுக்குப் போன் பண்ண வேண்டும், டொக்டர் மர்லியாவுக்குச் சொல்ல வேண்டும், நாளைக்கே தானும் இரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பேர்ணடெற் நின்றுவிட்டாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா? தழும்பு நோகுதா?”

“அம்மாட குழியில கல் ஒண்டு இருக்கு, டில்ஷானி.”

“ஓம். எனக்குத் தெரியும்தானே. கார்த்திகை மாசம் மெழுகுதிரி கொளுத்திறனாங்கள்.”

“அதில என்ன எழுதியிருக்கு?”

டில்ஷானி யோசித்தாள். அம்மம்மாவின் பெயர். பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே வெட்டியிருந்த வரியை அவள் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள். வாசித்தாளே தவிர யோசித்ததில்லை. இப்போது மனதுக்குள் எழுத்துக் கூட்டினாள். முகம் வெளிறிப்போனது.

“‘கண்ணீருடன்…’” என்று தொடங்கி, நிறுத்தினாள்.

“சொல்லு.”

“‘கண்ணீருடன், ஒரே மகள் பேர்ணடெற்.’”

“அப்பா வேண்டாம் எண்டவர்,” என்றாள் பேர்ணடெற். “எழுதிக் குடுத்தது நான்தான்.”